வேலூர் மாவட்டக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் கைலி நெய்தவரின் மகள் நான். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பதவி உயர்வுக்கான சரிபார்ப்பில் என் ஏழு கட்டுரைகளில் நான்கைத் தள்ளிவிட்டார்கள். எழுதியது நான்தானா என்று சந்தேகமாம்.

இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பெயர் கணேசன். தமிழில் 'க' என்று போடுவேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதை 'கே' என்று எழுதிவிட்டார்கள். மற்ற இடங்களில் 'ஜி'. வெளிநாட்டு இதழ்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பினேன். இப்போது நான்கு கட்டுரைகளும் கணேசன் பெயரில் நிற்கின்றன. என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. சரிபார்க்க வந்தவர் அச்சுத்தாளில் அப்பா பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இவர் யாரும்மா?" என்றார். ஆறாம் வகுப்போடு தறிக்குப் போனவர், இறந்து ஒன்பது வருடமாகிறது என்று அந்த அறையில் எப்படிச் சொல்வது?

நூலகத்தில் போய்க் கேட்டேன். "நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிக் கொடுங்க, பெயர் சமாச்சாரம் எங்க வேலை இல்லை" என்றார்கள்.

அப்புறம் யார் வேலை? இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரிலேயே 'எஸ்' சீர்காழி, 'ஆர்' அவருடைய அப்பா. நம் பெயர்கள் எப்படி அமையும் என்று நூலகர்களுக்குத் தெரியாததா?

பெயர் எப்படி மாறினாலும் கட்டுரை எழுதியவர் இன்னார் என்று காட்ட, 2012 முதல் ஆர்கிட் (ORCID) எண் இருக்கிறது. பதினாறு இலக்கம், பதிய காசு கிடையாது. நானும் பதிந்து கட்டுரைகளைச் சேர்த்தேன். "நீங்களே சேர்த்ததுதானே" என்று சரிபார்ப்புக் குழு ஏற்கவில்லை. நூலகம் பார்த்து உறுதி செய்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. கேட்பது இதுதான்: ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் நூலகத்தில் ஒரு பெயர்ப் பதிவு. தமிழ் வடிவம், ஆங்கில வடிவங்கள், கல்யாணத்துக்குப் பின் மாறிய தலைப்பெழுத்து எல்லாம் ஒரே இடத்தில், அந்த எண்ணோடு.

அடுத்தவர் எழுத்தைத் திருடினோமா என்று பார்க்க மென்பொருள் இருக்கிறது. எங்கள் எழுத்து எங்களுடையதுதான் என்று சொல்ல ஒரு பதிவேடு இல்லை. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது கட்டுரை எண்ணிக்கை வேண்டும், எழுதியவர் வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். ஆய்வேட்டில் எழுத்துத் திருட்டு உண்டா என்று பார்த்துத் தரும் ஒப்புமைச் சான்றுக்கு மாணவர்கள் எப்படியும் உங்களிடம்தான் வருகிறார்கள். அன்றே பெயர்ப் பதிவையும் செய்துவிடலாம். வருகிற ஜூனில் சேரும் ஆய்வு மாணவர்களிடமிருந்தாவது தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்