மார்கழி வரை மூலையில் கிடக்கப்போகும் உங்கள் ஸ்பிரேயருக்காக

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் நின்ற மாங்காய் வண்டிகளின் வரிசை கலைந்துவிட்டது. தோப்பில் மருந்து அடித்த பவர் ஸ்பிரேயர் இந்நேரம் பம்ப்செட் அறையின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். இனி அதை நீங்கள் தேடுவது மார்கழியில், பூங்கொத்து தலைகாட்டித் தத்துப்பூச்சி மொய்க்கத் தொடங்கும்போதுதான். நடுவில் இருக்கும் அந்த ஐந்து மாதத்தைப் பற்றியே இந்த மடல்.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி, தை மாதங்களில் காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர், போச்சம்பள்ளி என்று நாலாபக்கத்திலிருந்தும் ஸ்பிரேயர்கள் ஒரே வாரத்தில் எங்கள் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்து குவிகின்றன. “போன முறை நன்றாக ஓடியது, அப்படியே வைத்தேன், இப்போது கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது” என்கிறீர்கள். அந்த “அப்படியே வைத்தேன்” என்ற சொல்லில்தான் கோளாறு முழுவதும் இருக்கிறது. எல்லாருக்கும் அன்றைக்கே வேண்டும். பூ யாருக்காகவும் காத்திருக்காது என்பது எங்களுக்கும் தெரியும். வரிசையில் மூன்றாம் நாள் வரை நின்று, மருந்து அடிக்கும் நாளைத் தவறவிட்டுத் திரும்பியவர்களின் முகம் எங்களுக்கு மறக்கவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைக்காக அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

மாங்காய்ப் பால் தோலில் வழிந்து உலர்ந்தால் கருத்த பிசினாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோலும் அப்படித்தான். லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பழுப்பு நிறப் பிசின். அது போய் அடைப்பது பெட்ரோல் அளந்து வரும் ஜெட் துளையை. மெதுவாக ஓடுவதற்கான சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் பாதி அடைத்தாலே, காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும்.

நின்றுவிட்டால்கூட நல்லது என்பேன். இருவீச்சு எஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக், தனக்கு வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் பெறுகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அரைகுறையாக அடைத்த கார்புரேட்டரோடு முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அடைப்பு எடுக்கும் செலவு சில நூறு ரூபாய். பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றுவது சில ஆயிரம்.

இப்போது பெட்ரோலிலேயே எத்தனால் கலந்து வருகிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாதி காலியான டேங்கில் நெடுநாள் கிடந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். சில கார்புரேட்டர் கிண்ணங்களைத் திறந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருப்பது அந்தத் தண்ணீர் உலோகத்தை அரிப்பதால்தான். பழைய ரப்பர் பாகங்களும் இதனால் சீக்கிரம் கெடுகின்றன.

பனி நாடுகளில் ஸ்னோமொபைல் என்று பனிமேல் ஓடும் வண்டி உண்டு. குளிர்காலம் முடிந்தால் அதைக் கொட்டகையில் விட்டுவிடுவார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு அங்கேயும் இதே நோய், இதே வைத்தியம். பனியானாலும் மாந்தோப்பானாலும் இயந்திரத்தைக் கெடுப்பது ஓட்டமல்ல, கிடப்புதான்.

ஆகவே, இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பெட்ரோல் டேங்கில் இருப்பதை முழுவதும் வடித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் சிறு திருகு இருந்தால் அதையும் தளர்த்தி மிச்சத்தை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக பெட்ரோலில் கலக்கும் 2டி எண்ணெயை நான்கைந்து சொட்டு விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பிளக்கை மாட்டிவிடுங்கள். கால் மணி நேரம் போதும். ஐந்து மாதக் கவலை அதோடு தீர்ந்தது.

ஏற்கெனவே அடைத்துவிட்டதென்றால் கழற்றத்தான் வேண்டும். வெட்டவெளியில், எஞ்சின் ஆறிய பிறகு உட்காருங்கள். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். மருந்து டேங்க்கையும் குழாயையும் முதலில் கழுவிவிடுங்கள், அந்த நஞ்சு கையில் படவேண்டாம். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வெள்ளைத் துணி விரித்தால் சின்னத் திருகு உருண்டு மண்ணில் தொலையாது.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் திருகு ஒன்று பக்கவாட்டில் இருக்கும். அதைக் கழற்றுமுன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முட்டிய பிறகு இறுக்காதீர்கள், ஊசிமுனை கெட்டுவிடும். மாட்டும்போது முட்டும்வரை மெல்ல உள்ளே திருகி, அதே எண்ணிக்கையில் வெளியே திருகினால் போதும். ஜெட் பித்தளையால் ஆனது, மென்மையானது; அதன் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் திருகுங்கள்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெட் துளைக்குள் ஊக்கு, தையல் ஊசி, கிளட்ச் கேபிள் இழை எதையும் விடாதீர்கள். தொழில் பழகிய காலத்தில் நானே கேபிள் இழையால் குத்தி ஒரு ஜெட்டைப் பெரிதாக்கிவிட்டேன். எஞ்சின் ஓடியது, ஆனால் கரும்புகை கக்கியது, பிளக் கரிபிடித்தது, பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. காரணம் தெரியாமல் அந்த விவசாயி இரண்டு முறை அலைந்தார். அளவெடுத்துத் துளைத்த துளையைக் கம்பி அழித்துவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, காற்றால் ஊதுங்கள். சைக்கிள் பம்பு போதும். வெயிலை நோக்கிப் பிடித்தால் துளை வட்டமாக, தெளிவாகத் தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் மேலழுக்கை எடுக்கும். உள்ளே இருக்கும் பிசினுக்கு அது போதாது. ஸ்பிரே கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பாகங்களில் அது படவே கூடாது, ஊதிப் பெருத்துவிடும்.

புல் வெட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின்சா இரண்டிலும் பெரும்பாலும் பெட்ரோல் தேங்கும் கிண்ணமும், அதன் வரவைக் கட்டுப்படுத்தும் மிதவையும் இருக்காது. டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வுதான் வேலை செய்யும். அது துணிபோலத் துவள வேண்டும். காய்ந்த சருகுபோல விறைத்திருந்தால் புதிதாக மாற்றுங்கள். டயாபிரமும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் போக வேண்டும், படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

காற்று வடிகட்டியை மறந்துவிடாதீர்கள். கிரானைட் தூசி பறக்கும் ஊர் நம்முடையது. ஸ்பாஞ்சு வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித வடிகட்டியைக் கழுவக்கூடாது, தட்டினால் போதும்.

எண்ணெய் அளவையும் கண்ணால் பார்த்து ஊற்ற வேண்டாம். 50-க்கு 1 என்று உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சினால் கேனில் தேதி எழுதி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தால் மிதவை ஊசி தேய்ந்திருக்கலாம். கயிறு இழுக்கவே வராமல் இறுகியிருந்தால் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவற்றை எங்களிடம் கொண்டுவாருங்கள். டயாபிரம், கேஸ்கெட் வாங்க வரும்போது பழையதையும், இயந்திரத்தின் மாடல் எண்ணையும் எடுத்து வாருங்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஜெட்டை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தால் கம்ப்ரஸர் காற்றில் ஊதித் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம். ஆடியிலும் ஆவணியிலும் பிற்பகலில் கடையில் கூட்டம் இருக்காது. ஒருமுறை பார்த்துப் பழக விரும்புகிறவர்கள் இயந்திரத்தோடு வந்து பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கையாலேயே கழற்றி மாட்டவைத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் சிறு எஞ்சின் பழுதுபார்ப்புக் கடை,
கிருஷ்ணகிரி