எங்கள் இயற்கை உழவர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. நடவு மாதத்தில் மட்டும் ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டும் தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் விதைகளைக் கொடுத்தோம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் வைத்த வழக்கம்தான் நமக்கும்: 2 கிலோ வாங்கினால் மறு ஆண்டு 4 கிலோ திருப்பித் தரவேண்டும். பெரும்பாலோர் தந்துவிட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்துபோனவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை. ஆளுயரம் வளர்கிற பயிர், கதிர் முற்றும்போது மழை பிடித்தால் சாயாமல் என்ன செய்யும்? அடுத்த போகத்தில் தரட்டும்.

அரிசி விற்பனையில் ஒரு வருத்தம். நாம் இருக்கும் பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிறோம். நெல்லுக்கு, ரசாயனத்தை நிறுத்தி 24 மாதம் ஆனால்தான் முழுச் சான்று. நகரத்துக் கடை ஒன்று, அந்தக் காலம் முடியாத வயல்களின் அரிசியையும் 'இயற்கை அரிசி' என்றே கட்டித் தரச் சொன்னது. மறுத்தோம், ஆர்டர் கைநழுவிப் போனது. 'மாறுதல் கால அரிசி' என்று எழுதியே வேறு இடத்தில் விற்றோம். மகசூல் குறைந்து கையைக் கடிப்பது அந்த இரண்டு வருடத்தில்தான். எனவே மாறுதல் காலத்தில் இருக்கும் விவசாயிகளின் நெல்லுக்கும் சந்தை விலைக்கு மேல் கொடுத்தோம். அந்தக் கூடுதல் பணம், சான்று பெற்ற அரிசியில் வந்த லாபத்திலிருந்து எடுத்தது. இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பது தெரியும். ஆனால் தனியாளாக அந்த இரண்டு வருடத்தைத் தாண்டச் சொன்னால் சிறு விவசாயி யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்.

களைக்கொல்லி அடிக்காத வயலில் களையெடுப்புதான் பெரிய செலவு. கோனோவீடர் என்ற கைக்களைக் கருவியை ஓட்டும் ஆணுக்குக் கூலி அதிகம், பின்னாலேயே குனிந்து மிச்சத்தைப் பறிக்கும் பெண்ணுக்குக் குறைவு என்று நடந்து வந்தது. சங்கத்துக்கு நெல் தரும் வயல்களில் இனி இருவருக்கும் ஒரே கூலி என்று பங்குனிக் கூட்டத்தில் தீர்மானித்தோம்.

இந்த ஆண்டு என் தூக்கத்தைக் கெடுத்தது குத்தகை விஷயம். நம் உறுப்பினர் ஒருவர் வாய்மொழிக் குத்தகையில் உழுதவர். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுது, தொழுவுரம் கொட்டி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கினார். சான்று கிடைக்க ஒரு போகமே பாக்கி. அப்போது உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதியப் போனால் உள்ள நிலமும் கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில் பலர் பதிவதில்லை. இனி குத்தகைதாரர் யார் சேர்ந்தாலும், முதல் தக்கைப்பூண்டு விதைக்கும் முன்பே சங்கம் சார்பில் உரிமையாளரைப் பார்த்து எழுத்துமூல ஒப்பந்தம் கேட்போம். இரண்டு உரிமையாளர்கள் இப்போதே சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

நிலத்தை இழந்த அந்த அண்ணன் இன்று நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் குத்தகைக்கு நிலம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்