அஞ்சல் கலை: பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தபாலில் அனுப்பிப் பரிமாறிக்கொள்வதற்கென்றே செய்யும் படைப்புகள்தான் அஞ்சல் கலை. தமக்கு வந்த அத்தகைய படைப்புகளை இணையத்தில் ஏற்றிப் பகிர்வோர் பெருகி வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பலர் உள்ளே இருந்த படத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, அது வந்த உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஜப்பானியக் கலைஞர் ஆன் கவாரா 1968 முதல் 1979 வரை நாளுக்கு இரண்டு அட்டைகள் வீதம், தான் எழுந்த நேரத்தை ரப்பர் முத்திரையால் பதித்து அனுப்பினார். முன்பக்கத்தில் இருப்பது கடையில் விற்கும் சாதாரணச் சுற்றுலாப் படம். படைப்பு முழுவதும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அஞ்சல் கலையில் தபால்தலை, அஞ்சல் முத்திரை, உறையில் விழுந்த மடிப்பு எல்லாமே படைப்பின் பகுதி. அதனால் உறையைப் பிரித்ததுமே உறைக்கும் உள்ளிருந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். எண்ணை மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும். பேனா மை பின்னாளில் மறுபக்கம் ஊறிவிடும்.

ஸ்கேன் செய்ய 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்துக்கொள்ளலாம். 105 × 148 மி.மீ. அஞ்சலட்டையின் ஒரு பக்கம் அப்போது சுமார் 2480 × 3496 பிக்சல் வரும். சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி, இரு பக்கமும் சேர்த்து 52 எம்பி. ஆயிரம் அட்டைக்கு 52 ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒரு சுமையே இல்லை. 300 டிபிஐயில் நிறுத்தினால் ரப்பர் முத்திரையின் மெல்லிய கோடுகள் கரைந்துவிடும். அச்சுப் படங்களின் புள்ளிகள் ஸ்கேனரின் புள்ளிகளோடு மோதி அலை அலையான கோலமும் விழலாம்.

ஸ்கேனர் மென்பொருள் தானாகச் செய்யும் 'திருத்தங்கள்' எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். ஓரம் வெட்டும் வசதி, கையால் கிழித்த விளிம்பை நறுக்கிவிடும். பின்னணியை வெளுப்பாக்கும் வசதி, மங்கிய அஞ்சல் முத்திரையை அழுக்கென்று நினைத்து அழித்துவிடும். மெல்லிய தாளில் மறுபக்கம் தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் போதும். தானாகத் தாளை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் மட்டும் எதையும் கொடுக்காதீர்கள். ஒட்டுப்படத்தின் ஒரு மூலை எழும்பியிருந்தாலே அது கிழிந்து வெளியே வரும்.

பொத்தான், நூல், இலை ஒட்டியவற்றை ஸ்கேனர் மூடியால் அழுத்தக் கூடாது. மெல்லிய வகை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை கண்ணாடியைத் தொடும் பரப்பைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே மங்கல்தான். இவற்றைக் கேமராவில் எடுங்கள், இரு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு வைத்து. தங்க மை ஸ்கேனில் பழுப்பாகவோ கறுப்பாகவோ விழும் என்பதால் அதற்கும் கேமராதான் சரி.

அசலைக் காப்பதில் பெரிய ஆபத்து பிவிசி உறைகள். அஞ்சல் கலைஞர்கள் ஜெராக்ஸை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் கசிந்து ஜெராக்ஸ் மையை இளக்குகிறது. சில ஆண்டுகளில் எழுத்து தாளை விட்டு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டையும் துருப்பிடிக்கும் கிளிப்பையும் உடனே எடுத்துவிடலாம். பழுத்துப்போன செலோடேப்பை மட்டும் பிய்க்க வேண்டாம், அது தாளின் மேற்பரப்பையும் சேர்த்து உரித்துவிடும். வெப்பத்தாளில் வந்த ஃபேக்ஸ், ரசீது போன்றவை தொகுப்பில் இருந்தால் அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். இருட்டில் வைத்தாலும் அவை மங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஏற்றுவதற்கு முன் முகவரிகளைக் கவனியுங்கள். உருகுவேயின் ராணுவ ஆட்சி 1977இல் கிளெமென்டே பதீன், ஹோர்ஹே கரபாயோ என்ற இரு கலைஞர்களையும் அவர்களுடைய அஞ்சல் கலைக்காகவே சிறையில் அடைத்தது. யார் யாருக்கு அனுப்பினார் என்பது இந்தக் கலையில் வெறும் தகவல் அல்ல, ஆபத்தாகவும் முடியலாம். அந்தக்கால அஞ்சல் கலைக் கண்காட்சிக் கையேடுகளில் பங்கேற்ற எல்லாருடைய முகவரியையும் அச்சிடுவது வழக்கம்தான். ஆனால் சில நூறு பிரதிகள் வேறு, தேடுபொறி வேறு. அசல் கோப்பைத் தொடாமல், இணையத்துக்கான பிரதியில் தெருப்பெயரையும் எண்ணையும் முழுக்கறுப்பால் மூடுங்கள். மங்கலாக்கினால் சில சமயம் மீட்டுவிடலாம். பிடிஎஃப்பில் மேலே கறுப்புப் பெட்டி போடுவதும் போதாது. அடியில் எழுத்து அப்படியே இருக்கும். கைபேசியில் எடுத்த படமென்றால் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். தாள் பெற்றவருக்குச் சொந்தம், பதிப்புரிமை அனுப்பியவருடையது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் ஒப்பந்தப்படி அது படைப்பாளியின் மறைவுக்குப் பின் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும், பல நாடுகளில் 70. எனவே பிறர் படைப்புக்கு நீங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (பிறர் பயன்படுத்த முன்கூட்டியே தரும் பொது அனுமதி) கொடுக்க முடியாது. நீங்கள் எழுதிய விவரக்குறிப்புக்கு மட்டும் கொடுக்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதி கேட்கும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில், படைப்பாளியின் ஒப்புதல் இல்லாமல் ஏற்ற வேண்டாம்.

சமூக ஊடகத்தை மட்டும் காப்பகமாக நம்பாதீர்கள். அது படத்தைச் சிறிதாக்கி, உள்ளிருக்கும் குறிப்புகளையும் அழித்துவிடும். அனுப்பியவர், நாடு, அஞ்சல் முத்திரைத் தேதி, வந்த தேதி, மி.மீ. அளவு, செய்முறை, எந்தக் கண்காட்சி அழைப்புக்காக வந்தது ஆகியவற்றை ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பில் எழுதி, படங்களோடு மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

தேர்வுக்குழு இல்லை, கட்டணம் இல்லை, பங்கேற்ற அனைவருக்கும் ஆவணம் உண்டு: அஞ்சல் கலை அழைப்புகளின் மரபு இது. இணையப் பக்கம் தயாரானதும் அதன் முகவரியைப் பங்கேற்றவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் இல்லாதவருக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதித் தபாலில் போடுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சல் கலைச் சேகரிப்பாளர் ஒருவர்