ஜிலேபி மீனை மலைக்கு ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டப் பகுதிகளில் அக்வாபோனிக்ஸ் பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதியவை. மீன் தொட்டித் தண்ணீரை ஜல்லிப் படுகைக்கு ஏற்றிக் கீரை வளர்த்து, வடிந்த நீரை மீனுக்கே திருப்பி விடும் முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் கோவைக்கும் சென்னைக்கும் எழுதிய அளவுகளை உதகையிலோ கோத்தகிரியிலோ அப்படியே வைத்தால், முதல் மார்கழியிலேயே மீன் செத்து மிதக்கும். புதிதாகத் தொடங்கும் நீலகிரி வாசகர்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில் மீன். குறிப்புகள் எல்லாம் ஜிலேபியைத்தான் சொல்கின்றன. நீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் ஜிலேபி தீனியைத் தொடாது; 10, 11 டிகிரியில் செத்துவிடும். போதாக்குறைக்கு அதை வளர்க்க அரசு அனுமதியும் வேண்டும். தண்ணீரைச் சூடாக்கினால் ஆகாதா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 500 லிட்டரை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 0.58 யூனிட் மின்சாரம் ஆகும், அந்தச் சூடும் விடிவதற்குள் போய்விடும். அவலாஞ்சியில் 1907 முதல் டிரவுட் பொரிப்பகம் இருக்கிறதே, அதை வளர்க்கலாமே என்றும் தோன்றும். டிரவுட்டுக்குக் குளிர் பொருந்தும். ஆனால் அது ஓடும் சுத்தமான நீரில் வாழ்கிற மீன், மோட்டார் நின்றால் முதலில் சாவதும் அதுதான். புதியவர்களுக்கு ஏற்றது சாதாக்கெண்டை. 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொண்டுவந்த மீன் இது. நம் குளிர் அதற்குப் பழக்கம். உயரம் குறைந்த கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இராது.

அமைப்பு சிறிதாக இருக்கட்டும். 500 லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்று, 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும். டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் சுமார் 28 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு படுகைகள், சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். அதில் முக்கால் இஞ்ச் ஜல்லி போட வேண்டும். போடுவதற்கு முன் நான்கைந்து கல்லை எடுத்து வினிகரில் நனைத்துப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது, வேண்டாம். கழுவிய ஜல்லியும் நீருமாக ஒரு படுகை 200 கிலோவை நெருங்கும் என்பதால் ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வையுங்கள். தடுப்புச் சுவரின் விளிம்பில் தொட்டியையும் படுகையையும் வைப்பது மழைக்காலத்தில் ஆபத்து. சுவரிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, கெட்டியான தரையில் இருக்கட்டும்.

மோட்டார் மணிக்கு 500 லிட்டரையாவது படுகை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பெட்டியில் 1,500 லிட்டர் என்று அச்சிட்ட சிறு நீர்மூழ்கி மோட்டார், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும்போது ஏறத்தாழ பாதிதான் தரும். அதனால் அந்த அளவே சரி. படுகை நிறைந்ததும் நீரைத் தானே இழுத்து வடிக்கும் பெல் சைபன் அழகான ஏற்பாடுதான், ஆனால் நீர்வரத்து கொஞ்சம் குறைந்தாலும் இழுக்காமல் சொட்டிக்கொண்டே நிற்கும். அதைவிட டைமர் நல்லது: 15 நிமிடம் ஓட்டம், 45 நிமிடம் ஓய்வு. படுகை நடுவில் 23 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு இஞ்ச் குழாய் நட்டு, அதன் அடியில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். நீர் ஏறும்போது மிகுதி மேல்வாயில் வழியும். மோட்டார் நின்றதும் துளை வழியாக மெல்ல வடியும். குழாயைச் சுற்றிக் கீறல் போட்ட நான்கு இஞ்ச் குழாய் ஒன்றை உறையாக இறக்காவிட்டால் வேரும் ஜல்லியும் துளையை அடைத்துவிடும். மேல் ஜல்லி எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். நனைந்தால் பாசி பிடிக்கும்.

தொட்டி நிறைந்த அன்றே மீன் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஜல்லியில் குடியேறிய பிறகுதான் மீன் வர வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக இரண்டு நாள் காற்றடித்து வையுங்கள். பிறகு சுத்தமான நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, 500 லிட்டருக்கு 4 கிராம் கரைத்தால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவில் நிற்கும். தங்க மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டியால் அளந்து, குறையக் குறைய மீண்டும் சேர்க்க வேண்டும். சேர்த்த 4 கிராமும் ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் படுகை தயார். சமவெளியில் இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம். இங்கே கார்த்திகையில் தொடங்கினால் தை முடிந்தாலும் நைட்ரைட் இறங்காது. மார்ச் தொடக்கத்தில் ஆரம்பித்தால் மே மாதம் மீன் விடலாம். ஓடிக்கொண்டிருக்கும் மீன் தொட்டியின் பில்டர் பஞ்சைப் படுகையில் பிழிந்தால் சில வாரம் மிச்சம்.

மலையில் மீனைக் கொல்வது குளிர் மட்டுமல்ல, தண்ணீரும்தான். சமவெளி ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. அங்கே கவலை எல்லாம் பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, ஏறுவதைப் பற்றி; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். நம் ஊற்று நீரும் மழைநீரும் மென்மையானவை. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்ளும் கார்பனேட் நம் நீரில் இல்லை. இரண்டு மூன்று மாதம் எல்லாம் நன்றாக ஓடும், பிறகு பிஎச் 6-க்குக் கீழே சரியும், நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரும். பதறிப்போய் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பிஎச் 7-இலிருந்து 8-க்குத் தாவினால் அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். அன்றிரவே மீன் போய்விடும். உடைத்த கிளிஞ்சல் இரண்டு கிலோவை வலைப் பையில் கட்டி, நீர் விழும் இடத்தில் முதல் நாளிலிருந்தே தொங்க விடுங்கள். அமிலம் கூடினால் தானே கரையும், தேவைக்கு மேல் ஏற்றாது. வாரம் ஒருமுறை அளந்து 6.8-க்கும் 7.2-க்கும் இடையில் வைத்திருந்தால் போதும்.

தகரக் கூரையில் வழியும் மழைநீரைத் தொட்டிக்கு விடக் கூடாது. அதில் துத்தநாகம் கரைந்து வரும். மென்மையான நீரில் அது மீனுக்குக் கடும் நஞ்சு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் தெளிக்கும் தாமிர மருந்தின் சாரல் காற்றில் வந்தாலும் கேடுதான். தொட்டிக்கு மூடியும் படுகைக்குப் பாலித்தீன் கூரையும் போட்டால் இதற்கும் ஆகும், பனிக்கும் ஆகும், குரங்குக்கும் ஓரளவு ஆகும். நத்தைக்கு விஷக் குருணை போடாதீர்கள். இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே வழி.

இந்த அளவுக்கு விரல் நீளக் குஞ்சு 15 போதும். வளர்ந்த பிறகு மொத்த எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பதே கணக்கு. அந்த அளவை மீன் வளர வளரத்தான் எட்ட முடியும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிப்பதைத் தாண்டிப் போடாதீர்கள். குளிர்காலத்தில் நண்பகலில் மட்டும் போடுங்கள். நீர் 12 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று தீவனமே வேண்டாம். மீன் பட்டினியால் சாகாது. தின்னாமல் அழுகும் தீவனம்தான் கொல்லும். உறைபனி இரவுகளில் ஜல்லி வழியாக ஓடும் நீர் வேகமாகக் குளிரும். ஆகவே இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் மோட்டார் ஓடும்படி டைமரை மாற்றி, தொட்டி நீரில் காற்று ஊதும் குழாயை நிறுத்தாமல் விடுங்கள். தொட்டியைப் பாதிவரை மண்ணில் புதைத்து, மீதிப் பாகத்தைத் தெர்மாகோலால் சுற்றுவதும் நல்ல பலன் தரும்.

மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே புதிதல்ல. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓடும் 5 வாட் காற்று மோட்டார் ஏறத்தாழ பத்து மணி நேரம் தாங்கும். மின்சாரம் வரும்வரை தீவனம் கூடாது.

செடியில் மலைக்காரர்களுக்கு வசதி அதிகம். லெட்யூஸ், செலரி, சைனீஸ் கோஸ், நூல்கோல், கொத்தமல்லி, புதினா எல்லாம் வரும். கேரட்டும் பீட்ரூட்டும் ஜல்லியில் கோணி முறுக்கிக்கொள்ளும். இளந்தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புக் குறை. நீரில் கரைந்தே நிற்கும் இரும்பு உரமான 11 சதவீத டிடிபிஏ இரும்பு 9 கிராமை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் கரையுங்கள்.

குஞ்சு வாங்கி வருவதிலும் ஒரு விஷயம் உண்டு. பவானிசாகர் பக்கத்திலிருந்து ஆக்சிஜன் பையில் கட்டி வந்தால், உதகை ஏறுவதற்குள் பை கால் பங்குக்குமேல் உப்பும். முக்கால் அளவே காற்று நிரப்பச் சொல்லுங்கள். வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்து, இரண்டு மணி நேரமாவது கழித்து மீனை விடுங்கள். வளர்ப்பு மீனை எந்த ஓடையிலும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குப் பதினைந்து குஞ்சு தேவைப்படுகிறவர் அதற்காக மலை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. மீன்வளத்துறை ஏப்ரல், மே மாதங்களில் சாதாக்கெண்டைக் குஞ்சுகளைச் சில்லறையாக உதகையிலேயே விற்க ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, எந்த வெப்பநிலைக்கு எழுதியது என்பதைக் கூடவே ஒரு வரி அச்சிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
கோத்தகிரி