தீக்காயம் பட்ட ஆண்களின் தாம்பத்தியப் பிரச்சினைக்கும் சிகிச்சை வேண்டி மனு

அனுப்புநர்:
பரோட்டா மாஸ்டர், வயது 36, வியாசர்பாடி, சென்னை.
(பெயர், முகவரி தனித்தாளில் உள்ளது. ரகசியம் காக்க வேண்டுகிறேன்.)

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தீக்காய சிகிச்சையில் ஆண்களின் பாலியல் நலனையும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் ஓட்டல் அடுப்படியில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் என் வயிறும் தொடைகளும் வெந்துபோயின. 52 நாள் வார்டில் கிடந்தேன். உயிரை மீட்டுக் கொடுத்த டாக்டர்களையும், புண் கட்டிய நர்ஸ் அக்காக்களையும் சாகும்வரை மறக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது தேங்காய் எண்ணெய் தடவு, வெயிலில் போகாதே, தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை தினமும் 23 மணி நேரம் போட்டிரு என்றார்கள். மனைவியோடு வாழ்வதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தொடை இடுக்கில் தழும்பு இறுகி, விறைப்பு வந்தாலே தோல் இழுத்து உயிர் போகும். போகப்போக ஆசையே நின்றுபோனது. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவாள். கேட்டுவிடலாம் என்று மூன்று முறை ஓ.பி.க்குப் போனேன். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். "கால் நல்லா மடங்குதா?" என்றார் டாக்டர். "மடங்குது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, ஒரு லாட்ஜில் லேகியத்துக்கு 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

போன வருடம் ஒரு சிறுநீரக டாக்டர்தான் விளக்கினார். பெரிய தீக்காயத்துக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் மாதக்கணக்கில் குறைந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சில வலி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். இறுகிய தழும்பை ஆபரேஷன் செய்து தளர்த்தலாம். பத்து நிமிடப் பேச்சு, ஐயா. அது கிடைக்காமல் இரண்டு வருடம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம்.

ஆகவே, மறுபரிசோதனைக்கு வரும் ஆண்களிடம் தனி அறையில் டாக்டரே முதலில் இதைக் கேட்க உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் வாயால் கேட்க வராது. விரும்பினால் மனைவியையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். பல மாவட்டத்தாரும் வரும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை தீக்காயப் பிரிவில் தொடங்கினால் நல்லது. அரசு மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ல் பேசும் ஆலோசகர்களுக்கும் இதில் பயிற்சி வேண்டும்.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த தம்பிக்கு 24 வயது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், அவன் வேண்டாம் என்கிறான். காரணத்தை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)