அம்மா எழுந்து நிற்கட்டும்

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனம் நிம்மதியானது. இந்த வயதில் கத்தி எதற்கு, புத்தூர்க் கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னபோதும் நீ உறுதியாக நின்றாயே, அது பெரிய காரியம். முன்கை முறிந்தால் சிம்பு வைத்துக் கட்டலாம். தொடை எலும்பின் கழுத்து, அதாவது அதன் உருண்டைத் தலைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் பகுதி, இடுப்புக்குள் ஆழத்தில் கிடக்கிறது. வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அதை அசையாமல் பிடிக்காது. அம்மாவுக்கு அது முறிந்து விலகியும் விட்டது. எலும்புத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. அவை அறுந்துவிட்டால், திருகாணி போட்டாலும் தலை செத்து நொறுங்கக்கூடும். அதனால்தான் உலோகத் தலை பொருத்தினார்கள். அதற்கு எலும்பு கூடும்வரை காத்திருக்க வேண்டாம்; பெரும்பாலும் மறுநாளே உடல் எடையைத் தாங்கும்.

ஆகவே மூன்று மாதம் படுக்கையை விட்டு இறக்கக் கூடாது என்று உன் சித்தப்பா சொல்வதைக் கேட்காதே. முறிவைவிடப் படுக்கைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நிமோனியா, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப்புண் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. எங்கள் எலும்பு முறிவு வார்டில் வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே எழுப்புவோம். நேற்று ஒரு பாட்டி வாக்கரை இறுகப் பிடித்ததில் விரல் கணுக்கள் வெளுத்துவிட்டன. இரண்டே எட்டு வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் காபி கேட்டார். முதல் நாளுக்கு அதுவே போதும். அம்மா தரையில் சம்மணமிட வேண்டாம், தாழ்வான இருக்கையும் வேண்டாம். கழிப்பறைக்கு உயரமான கமோடு வாங்கிவிடு.

அம்மா இரவில் அப்பாவைக் கூப்பிடுகிறார், ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார் என்று எழுதியிருந்தாய். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அழாதே. ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்கள் பலருக்கு வரும் குழப்பம் அது, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல். வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் திருப்பிக் கொடு. பகலில் ஜன்னலைத் திறந்து பேச்சுக் கொடு.

என் பக்கத்துச் செய்தி ஒன்று: எங்கள் வார்டுக்கு இப்போது பொது மருத்துவரும் தினமும் வருகிறார். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரில் எலும்பு மருத்துவர் மைக்கேல் டெவாஸும் முதியோர் மருத்துவர் இர்வினும் 1960-களிலேயே இப்படிச் சேர்ந்து பார்த்தார்கள். எலும்பை நான் பார்க்கிறேன். இதயத்தையும் சர்க்கரையையும் அவர் கவனிக்கிறார். இத்தனை வருடம் இதற்காகக் கெஞ்சினேன், கோமதி.

இன்னொன்று, பலர் மறந்துபோவது. நின்ற இடத்தில் விழுந்தே எலும்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது. அடுத்தது மற்ற இடுப்பாக இருக்கலாம். சோலட்ரானிக் அமிலம் என்று வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்து 90 நாட்களுக்குள் அதைப் போட்டவர்களிடம் புதிய முறிவுகளும் இறப்பும் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலில் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். தையல் பிரிக்கப் போகும்போது டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் போய், எலும்புக்கு என்ன மருந்து எழுதியிருக்கிறார்கள் என்று கேள். ஒன்றும் இல்லையென்றால் அன்றே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
சாந்தி