செனெகா ஃபால்ஸ் போய் வந்த கதை

அன்புள்ள செல்லம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நல்லதாயிற்று. நான் இங்கே அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் மகள் வீட்டில் பேரனுக்குத் தோசை சுட்டே காலம் கழிக்கிறேன். போன ஞாயிறு மட்டும் விடுதலை. மகள் என்னை செனெகா ஃபால்ஸுக்குக் கூட்டிப்போனாள். பி.ஏ. பாடத்தில் ஒற்றை வரியில் படித்தோமே, பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1848 ஜூலை 19, 20 தேதிகளில் மாநாடு போட்ட ஊர்.

மாநாடு நடந்தது ஒரு சின்ன வெஸ்லியன் தேவாலயத்தில். பிற்காலத்தில் அதே கட்டடம் நாடகக் கொட்டகை, கார் விற்பனைக் கடை, சலவைக் கடை என்று பல அவதாரம் எடுத்ததாம். மாநாட்டுக் காலையில் கதவு பூட்டிக் கிடக்க, மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டான்டன் தன் சகோதரி மகனை ஜன்னல் வழியாக ஏற்றி உள்ளே விட்டுத் திறக்கச் செய்திருக்கிறார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் பாணியிலேயே தங்கள் அறிக்கையை எழுதி, 'ஆண்களும் பெண்களும் சமமாகவே படைக்கப்பட்டார்கள்' என்று சேர்த்தார்கள். எல்லாத் தீர்மானமும் சுலபமாக நிறைவேறியது, ஓட்டுரிமை தவிர. அது கேலிக்கு இடமாகும் என்று கூட வந்தவர்களே பயந்தார்கள். இதே ராச்செஸ்டரில் பத்திரிகை நடத்திய ஃபிரெடரிக் டக்ளஸ், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர், எழுந்து பேசியதால்தான் தப்பியது. கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 68 பெண்கள், 32 ஆண்கள். அவர்களில் சார்லட் வுட்வர்ட் என்ற இளம்பெண் வீட்டிலிருந்தே கையுறை தைத்துக் கொடுத்தவள். கூலி அவள் கைக்கு வராது. அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த சட்டம், கல்யாணமான பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சொத்தை வைத்துக்கொள்ள மட்டுமே விட்டது. சம்பாத்தியம் அவளுடையது என்று ஆக 1860 வரை போயிற்று.

இதெல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. மாநாட்டைக் கூட்டியவர்களில் லுக்ரீஷியா மாட் என்ற குவேக்கர் (கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு) அம்மாள், அந்தக் கோடையில் இந்த ஊர்ப் பக்கம் வருவதற்கு முன்பு, கேட்டராகஸ் என்ற இடத்தில் செனெகா மக்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். செனெகா மக்கள் யார்? இந்த நிலமெல்லாம் யாருடையதாக இருந்ததோ அந்த இரோக்குவா கூட்டமைப்பில் ஒரு இனம். அவர்களிடத்தில் பிள்ளைகள் தாயின் குலம். வீடும் வயலும் பெண்கள் வசம். தலைவரை நியமிப்பதும், சரியில்லை என்றால் நீக்குவதும் குலத்து மூத்த தாய்மார். இதைப் படித்ததும் உங்கள் பாட்டி காலத்து மருமக்கள்வழிதான் (தாய்வழியில் சொத்து இறங்குமே, அது) நினைவுக்கு வந்தது. ஆனால் நாஞ்சில் நாட்டில் தாய்வழி என்று பெயர்தான், சாவிக்கொத்து குடும்பத்து மூத்த ஆணான காரணவர் இடுப்பில். இங்கே சாவியும் பெண்களிடமே இருந்திருக்கிறது. (ஏட்டி, பூர்வீக வீட்டில் உன் பங்கைத் தம்பிமாரிடம் கேட்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறாய். சட்டமே உன் பக்கம் இருக்கும்போது என்ன கூச்சம்? கேள்.)

எந்த உரிமைக்காகத் தேவாலயத்தில் கூடினார்களோ, அதைக் கையில் வைத்திருந்த மக்களின் நிலத்தைத்தான் அதே தேசம் பிடுங்கிக்கொண்டிருந்தது. 1838இல் ஆக்டன் நிலக் கம்பெனிக்காரர்கள் லஞ்சமும் சாராயமும் கொடுத்து ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். குவேக்கர்கள் போராடி 1842இல் கொஞ்சம் மீட்டார்கள். கேட்டராகஸ் அப்படி மிஞ்சியது.

தெற்கே பார், அதே கதை. 1848 பிப்ரவரியில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது; பதிலுக்கு ஒன்றரைக் கோடி டாலர். அங்கே ஸ்பானிய மரபுப்படி மனைவியின் சொத்து மனைவிக்கே. மறு வருஷம் கலிபோர்னியாவின் அரசியல் சட்டத்தை எழுதியபோது அந்த விதியை விட்டுவைக்க ஒத்துக்கொண்டார்கள். பணக்காரப் பெண்கள் கலிபோர்னியாவுக்கு வர இதைவிட நல்ல தூண்டில் ஏது, பிரம்மச்சாரிகள் எல்லாரும் ஆதரியுங்கள் என்று ஹென்றி ஹேலக் என்ற பிரதிநிதி சபையில் பேசினாராம். அவரும் பிரம்மச்சாரி!

இந்த முரணைப் பளிச்சென்று சொன்னவர் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், அவரும் பெண்ணுரிமைக்குப் போராடியவர். இரோக்குவாப் பெண்களின் அதிகாரத்தைப் பற்றி எழுதினார். 1893இல் மோஹாக் மக்கள் அவரை ஓநாய் குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு பள்ளிக்குழுத் தேர்தலில் ஓட்டுப் போடப் பதிவு செய்ததற்காகச் சொந்த ஊரில் அவர்மேல் வழக்கு.

ரொம்பவும் புகழ்ந்துவிட்டேனோ? 1848 டிசம்பரில் செனெகா மக்கள் தலைவர் முறையை விட்டு எழுத்துச் சட்டத்துக்கு மாறினார்கள். நிலத்தை விற்பதென்றால் தாய்மாரில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் தேர்தலில் ஓட்டு ஆண்களுக்கு மட்டும். அங்கே பெண்களுக்கு ஓட்டு வந்தது 1964இல்தான்.

நீ ஸ்டான்டனை அப்படியே தலையில் தூக்கி வைப்பாய் என்று தெரியும். கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தந்த திருத்தத்தை, பெண்களை விட்டுவிட்டார்களே என்று அவர் எதிர்த்தார். அது நியாயமான கோபம்தான். ஆனால் அந்த ஆண்களைப் பற்றி அப்போது இழிவாகவும் பேசினார், டக்ளஸ் தனக்காக எழுந்து பேசியதை மறந்து. எனக்கு அது ஆறவில்லை. உன் கட்சி என்ன என்று எழுது. கேஜ் வாழ்ந்த வீடும் ஃபாயெட்வில்லில் இருக்கிறதாம், மகளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
பகவதி